இடைப்பெட்டியில் ஒரு நசுங்கல்

1

விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கம்பளிச் சட்டையில் சுற்றி, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் நான் பத்திரமாக வைத்திருந்ததை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ரயில் பெட்டி.

"என்னங்க இது, பொம்மை ரயிலா?"

"ரயில் இல்லீங்க. ஒரு பெட்டி மட்டும்."

"எஞ்சின் எங்க?"

"இல்லீங்க."

"பேட்டரி?"

"அதுவும் இல்லீங்க. தானா ஓடாது. நெசப் பெட்டியிலயும் ஆள் ஏற மாட்டாங்க. சன்னலையெல்லாம் தகடு வெச்சு அடைச்சிருக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆள் ஏறாத, தானாக ஓடாத, சன்னல் அடைத்த பொம்மையை எந்தக் குழந்தைக்கு எடுத்துப் போகிறான் இவன் என்று யோசித்திருப்பார். படிவத்தில் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். அவர் அதற்கடுத்த மேசைக்காரரைக் கேட்டார். கடைசியில் "பழைய விளையாட்டுப் பொருள்" என்று எழுதி முத்திரை குத்தினார்கள். பதினொரு மாத உழைப்பு. பழையது என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம், அதன்மேல் துருவும் புழுதியும் நானே பூசியிருந்ததுதான்.

ஊரைவிட்டுப் போனவர்கள் எழுதும் குறிப்புகளில் முதல் பக்கத்திலேயே மழை பெய்யும், மண் மணக்கும், யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அதைப் படித்தாலே வாய் கசக்கும். அங்கே இருக்கும்போது அங்கிருப்பது எனக்குப் பிடிக்காது, இங்கே வந்தால் இங்கிருப்பது பிடிக்காது. என் மனைவி செல்வி இதை "உங்க மூஞ்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். இந்த முறை வந்தபோது மூன்றாவதாக ஒன்று எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் டிப்போ ஒன்று இருக்கிறது. செல்வி நர்ஸ் வேலைக்குப் போனாள், நான் அவள் பின்னால் போனேன். என் விசாவில் "சார்ந்திருப்பவர்" என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் மலையில், வாழவந்தி நாடு என்னும் ஊர்ப்பகுதியில் மிளகுத் தோட்டம் வைத்திருந்தவனை அப்படி அச்சடித்தார்கள். ஒரு வருடம் ஓட்டலில் தட்டுக் கழுவிவிட்டு அந்த டிப்போவில் சேர்ந்தேன். ரயிலே ஏறாத மலையிலிருந்து போனவனுக்கு ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலை.

மின்சார ரயில் மின்கம்பி இல்லாத பாதையில் போக வேண்டுமென்றால் டீசல் எஞ்சின் இழுத்துப் போக வேண்டும். ஆனால் இரண்டுக்கும் கொக்கி சேராது. எஞ்சினில் நடுவே கொக்கியும் சங்கிலியும் இருக்கும், இரண்டு பக்கமும் இடி தாங்க பஃபர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மின்சார ரயிலுக்கு முகத்தின் நடுவே இரும்பு மூக்கு ஒன்றுதான். அந்த மூக்கில் ஒரு கூம்பும் பக்கத்தில் ஒரு குழியும் உண்டு. எதிரே அதே மாதிரி மூக்கு வந்தால் இதன் கூம்பு அதன் குழிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எஞ்சினிடம் அந்த மூக்கு கிடையாது. ஆகவே பழைய பயணிப் பெட்டி ஒன்றை எடுத்து, இருக்கைகளைப் பிடுங்கி, சன்னல்களைத் தகடு வைத்து மூடி, ஒரு முனையில் எஞ்சினுக்குச் சேரும் கொக்கியும் மறுமுனையில் மின்சார ரயிலுக்குச் சேரும் மூக்கும் வைத்திருப்பார்கள். அதை நடுவில் கோத்துத்தான் இழுப்பார்கள். டிப்போவில் அதற்குப் பேரியர் என்று பெயர். நான் இடைப்பெட்டி என்று எழுதுகிறேன்.

என் மகள் யாழினி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது எழுதிய கட்டுரையில், தன் தந்தையே இரண்டு உலகங்களை இணைக்கும் அப்படிப்பட்ட ஒரு பெட்டி என்று எழுதியிருந்தாள்.  அந்தப் பெட்டிக்குள் புறா எச்சமும் எலிப்புழுக்கையும்தான் இருக்கும், நான் கூட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். "கட்டுரைதானேப்பா" என்றாள், ஆங்கிலத்தில். இடம் கிடைத்துவிட்டது. இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அம்மாவிடம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவாள். என்னிடம் தமிழில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். எங்கள் இருவருக்கும் நடுவே மிச்சமிருக்கும் தமிழ் அவ்வளவுதான்.

3

செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் ரயில் மாதிரி செய்பவர்களின் சங்கத்துக்குப் போவேன். தேவாலயத்தை ஒட்டிய ஒரு பின்னறை. ஈரக் கம்பளியும் பழைய காப்பியும் கலந்த நாற்றம் அந்த அறையைவிட்டு ஒருநாளும் போனதில்லை. பத்துப் பதினைந்து கிழவர்கள். ஒரு சாம்பல் நிறம் சரியான சாம்பல்தானா என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுவார்கள். தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள், ஆனால் ஒரு ஆணி இடம் மாறியிருந்தால் மனிதனை உரித்துவிடுவார்கள். பிடிக்காத இடத்துக்கு எட்டு வருடமாக ஏன் போகிறாய் என்று கேட்டால், கைக்கு வேலை கொடுக்கத்தான். நிஜப் பெட்டியின் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் கதவுக் கைப்பிடியைக் கம்பியில் வளைத்துக்கொண்டிருக்கும்போது மனதில் வேறெதுவும் ஓடாது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெட்டியைப் புதுசாகச் செய்து, பளபளவென்று வண்ணம் அடித்து, பிறகு அதன்மேல் அழுக்கைப் பூச வேண்டும். துருப்பொடி, புகைக்கரி, கழிப்பறைக்குக் கீழே ஒழுகிய பழுப்புக் கறை வரைக்கும். கறை சரியாக வந்தால் சுற்றி நின்று மெச்சுவார்கள். நிஜக் கறையைத் தேய்த்துக் கழுவிய எனக்கு அதைப் பார்க்கும்போது அருவருப்பாக இருக்கும். ஆனால் எல்லோரையும்விட நன்றாக அந்தக் கறையைப் பூசுகிறவன் நான்தான். எங்கெங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம், சங்கத்தின் ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு எங்கள் டிப்போவையே மாதிரியாகச் செய்வது என்று முடிவாயிற்று. மின்சார ரயில் ஒன்றை டீசல் எஞ்சின் இழுத்து வரும் காட்சி. இடைப்பெட்டி உன் பொறுப்பு, உனக்குத்தானே அது தெரியும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெட்டியையே செய்வதென்று நானும் முடிவு செய்தேன்.

4

அந்தப் பெட்டிதான் அறப்பளியின் கையைக் கடித்தது.

அறப்பளி செல்வியின் தம்பி. அதே மலையில் தேவனூர் நாட்டில் பிறந்து, நாமக்கல்லில் பட்டம் படித்து, மேல்படிப்பு என்று எங்களிடம் வந்து சேர்ந்தான். மாணவ விசா. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று கட்டுப்பாடு. நான்தான் அவனை டிப்போவில் சேர்த்துவிட்டேன். கட்டுப்பாட்டுக்கு மேல் வேலை செய்தான், யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை எல்லோருக்கும் வசதி.

பெட்டியைக் கோப்பது இரண்டு பேர் செய்யும் வேலை. மின்சார ரயில் பக்கத்தில் கோக்கும்போது ஒருவன் நடுவே நின்று மூக்கு நேராகச் சேருகிறதா என்று பார்ப்பான். மற்றவன் டிரைவர் பார்க்கும்படி வெளியே நின்று கை காட்டுவான். வண்டி நகர்வதும் நிற்பதும் அவன் கையில். எஞ்சின் பக்கத்தில் அப்படி இல்லை. உள்ளே போகிறவன் தானே டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் மூக்குப் பக்கம் ஏதாவது நடந்தால் பொறுப்பு கை காட்டியவனுடையது. எஞ்சின் பக்கம் நடந்தால் உள்ளே போனவனுடையது.

ஒன்பது வருடத்துக்கு முன், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, அறப்பளி டிரைவரிடம் சொல்லாமல் எஞ்சின் பக்கம் உள்ளே நுழைந்தான். பெட்டி நகர்ந்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. பெட்டியின் அந்த முனையில் ஒரு நசுங்கலும் விழுந்தது. இதை அன்றைக்கே நான் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் தட்டச்சு செய்தார், நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பக்கம். அவனுடைய தவறு என்றால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், டிப்போவின் தவறு என்றால் விசாரணை வரும், அவன் எத்தனை மணி வேலை செய்தான் என்று தோண்டுவார்கள், விசா போய்விடும் என்றும் அவர் சொன்னார். நசுங்கலை ஒரே வாரத்தில் தட்டிச் சரிசெய்து வண்ணம் அடித்துவிட்டார்கள்.

மலைக்கு வரும்வரை நான் நம்பியிருந்தபடியே இதை எழுதியிருக்கிறேன்.

அவனுக்கு விசா நிலைக்கவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் செல்வி கட்டு மாற்றினாள். வகுப்புக்கு வரவில்லை என்று கல்லூரி புகார் செய்தது, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார், வேலையில் கவனமில்லாமல் கையை விட்டுவிட்டு வந்தவன் என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். என் மாமனார் சாகும்வரை அவனை "கவனங்கெட்டவன்" என்றுதான் சொன்னார், அவன் எதிரிலேயே. நான் போனில் கேட்டுக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. நான் அதை மறுத்துப் பேசவில்லை. செல்வியும் அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

5

நான் செய்த பெட்டி அச்சு அசலாக வந்திருந்தது. தகடு அடைத்த சன்னல்கள், வளைத்தெடுத்த கூரைக் குழாய்கள், ஒரு முனையில் கொக்கியும் பஃபர்களும், மறுமுனையில் பித்தளையில் அரம் போட்டு நான் செதுக்கிய மூக்கு. அதன் கூம்பு கடுகைவிடச் சின்னது. கடைசியாக நசுங்கலைச் செய்தேன். சூடேற்றிய ஊசியின் பின்புறத்தை எஞ்சின் பக்கச் சுவரில் மெல்ல அழுத்தினேன். ஒரு சாமை அரிசி அளவு பள்ளம் விழுந்தது.

சங்கத்தில் கீத் என்று ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"இது ஏன் இங்கே?"

"விபத்து. ஒன்பது வருடத்துக்கு முன்."

"புகைப்படம் இருக்கிறதா?"

"இல்லை. ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டார்கள்."

"இந்தப் பக்கம் நசுங்க வழியே இல்லை. பஃபர் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. என்ன வந்து இடித்தாலும் அவற்றின்மேல்தான் படும். சுவர்வரை எதுவும் வராது."

"நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நசுங்கலை அடைத்துவிட்டால்தான் கண்காட்சியில் வைக்க முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார்.  ஒரு மனிதனின் மூன்று விரல் போயிருக்கிறது, இந்த ஆளுக்குப் புகைப்படம் வேண்டுமாம். அடைக்க முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாழவந்தி நாட்டு நிலப் பட்டாவில் பெயர் மாற்ற எப்படியும் நான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டியைக் கையோடு கொண்டுபோய் அறப்பளியிடம் காட்டி, ஆமாம் இங்கேதான் என்று அவன் சொல்வதைப் போனில் படம் பிடித்து, அவன் கை தெரியும்படி கீத்துக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த யோசனை வந்தபோது எனக்கு அது அசிங்கமாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

6

காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் சுற்றுலா வந்தவர்கள் வீசிப்போன பாட்டில்கள், நெகிழிக் கோப்பைகள், பிரியாணிப் பொட்டலங்கள், அவற்றைப் பிரித்துத் தின்னும் குரங்குகள். எழுபது வளைவிலும் இதேதான். மேலே ஏறினால் "மலைத்தேன்" என்று எழுதி வெல்லப்பாகு விற்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் என் பெயருக்கும் என் அப்பாவின் பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி இல்லாததால் நான் நானில்லை என்றார்கள். நான் நான்தான் என்று இங்கிலாந்திலிருந்து சான்று வாங்கிவரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சபித்துக்கொண்டே தேவனூர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அறப்பளி மொபெட்டில் எதிரே வந்தான். வலது உள்ளங்கையைக் கைப்பிடியின்மேல் வைத்து அழுத்தித் திருப்பி ஓட்டுகிறான்.

"வாங்க மாமா. அக்கா நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்கா மாப்ள."

"யாழினிக் கண்ணு வரலீங்களா?"

"அவளுக்குப் பரீட்சை" என்று பொய் சொன்னேன். கூப்பிட்டேன், வரவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

முறிந்த சம்பந்தத்துக்கு ஐந்து வருடம் கழித்து அறப்பளி ராணியைக் கட்டியிருக்கிறான். அவள் அதிகம் பேசாதவள், கை ஓயாதவள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி அவள்தான் மிளகு பறிக்கிறாள். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்கிறான். மரவள்ளி பிடுங்க ஆள் வைத்துக்கொள்கிறான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் சுருங்கியது.

பெட்டியை எடுத்துக் கூடத்து மேசைமேல் வைத்தேன். காலையில் வெளிச்சத்தில் காட்டுவதாகச் சொன்னேன்.

7

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி புத்தம் புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது. ராணி ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். கூரையின் கரி, சக்கரத் துரு, கதவிடுக்குப் புழுதி, கழிப்பறைக் கறை எல்லாம் போய்விட்டது. மூன்று மாத வேலை துணியில் பழுப்பாக ஒட்டியிருந்தது.

"ஏனம்மிணி, என்ன பண்ணுன?"

"ஒரே அழுக்கா இருந்துதுங்கண்ணா. அவ்வளவு தூரம் கொண்டாந்திருக்கீங்க, தொடைச்சு வெச்சேன்."

"அது நான் பூசுன அழுக்கும்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று அவளுக்குச் சந்தேகம். "அழுக்கைப் பூசுவாங்களாங்கண்ணா?" என்று கேட்டுவிட்டுத் துணியை அலசப் போனாள்.  அறிவில்லாத ஜனம், எதைக் கொடுத்தாலும் கழுவி வைக்கும் ஜனம் என்று மனதுக்குள் திட்டினேன். மத்தியானம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனேன்.

8

அறப்பளி காயும் மிளகைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். பெட்டியை அவனிடம் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, வலது உள்ளங்கையில் கிடத்தி, ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். உதறுவானோ, முகத்தைத் திருப்பிக்கொள்வானோ என்று பயந்திருந்தேன். அவன் சிரித்தான்.

"நம்ம பொட்டியேதானுங்க மாமா. இந்தத் தகட்டுல ஒண்ணு மட்டும் வேற நெறம். அதுகூட வெச்சிருக்கீங்க."

நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். "கடைசியில பாரு மாப்ள. அந்த நசுங்கலையும் வெச்சிருக்கேன்."

அவன் பெட்டியின் முனையை வெயிலுக்குத் திருப்பினான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மறுமுனையைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது எஞ்சின் பக்கமுங்க."

"ஆமா."

"இங்க இல்லீங்களே. மூக்குப் பக்கமுங்க நசுங்குனது."

"இல்ல மாப்ள, நீ மறந்துட்ட. எஞ்சின் பக்கந்தான். நான் அப்பவே எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதிக் குடுத்தீங்க" என்றான். அதை அவன் எப்படிச் சொன்னான் என்று எழுத முடியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனீர்கள், காய் வாங்கினீர்கள் என்பது போலச் சொன்னான். "மூக்கு கொஞ்சம் கோணலா நின்னுது. நான் உள்ள நின்னு தள்ளி நேரா வெச்சிட்டிருந்தேன். நீங்க வெளிய நின்னு கை காட்டிட்டிருந்தீங்க. நிறுத்தச் சொல்லிக் கைய மேல தூக்குவீங்கன்னு பாத்தேன். நீங்க போனைப் பாத்துட்டிருந்தீங்க மாமா."

எனக்கு அந்த இடத்திலேயே அது திரும்பி வந்தது. ஒன்பது வருடமாக வராதது மொத்தமாக வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது, சத்தியப் பிரமாணத்துக்கு வரவும் என்று குறுஞ்செய்தி. மழைத்துளி விழுந்த திரையைக் கட்டை விரலால் துடைத்து இரண்டாம் முறை படித்தேன். என் இடது கை வா, வா என்று ஆட்டிக்கொண்டே இருந்தது. கோணலாக இருந்த மூக்கு அவன் கையோடு ஏறிச் சுவரில் போய் இடித்தது.

மேற்பார்வையாளர் எஞ்சின் பக்கம் என்று தட்டச்சு செய்தபோது அது பொய் என்று எனக்குத் தெரியும். அவனுடைய விசாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். மாமனாரிடம் சொன்னேன், செல்வியிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது நடந்ததாகவே ஆகிவிட்டது. பதினொரு மாதம் உட்கார்ந்து அந்தப் பொய்யை எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் செதுக்கி, ஆதாரம் என்று அவன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

"நீ ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இல்லை பாருங்கள்.

"சொன்னேனுங்களே. ஆஸ்பத்திரிக்கு டிப்போ ஆபீசுலருந்து ஒரு அம்மா வந்து கேட்டாங்க. இப்படித்தான்னு சொன்னேன். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டுனாங்க. மருந்து மயக்கத்துல கொழம்பிட்டேன்னு எழுதிக்கிட்டாங்க. அப்பறம் நானே நெனச்சேன், மாமா பொய் எழுத மாட்டாரு, நாந்தான் கொழம்பிட்டேன்னு. ரெண்டு மூணு வருசம் அப்படியே நம்பிட்டுக்கூட இருந்தேனுங்க. கையைப் பாத்தாத்தான் நம்ப முடியல."

வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தான். விரல் போன அடிக்கட்டைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதாவது பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கையை ஒருநாளும் பார்த்ததில்லை. நடுவில் வட்டமாக ஒரு குழித் தழும்பு. கூம்பின் நுனி ஏறிய இடம். கொக்கியோ பஃபரோ அப்படி ஒரு வட்டத்தைப் போடாது. அந்தக் கூம்பை அளந்து, வரைந்து, பித்தளையில் அரம் போட்டவன் நான். அந்த நேரத்திலும் என் மூளை என் கூம்பு நுனியின் அளவை எழுபத்தாறால் பெருக்கிப் பார்த்தது. சரியாக வந்தது.

என்னைப் பார்த்து எனக்கே அப்படி ஓர் அருவருப்பு வந்தது. வளைவுகளில் கிடந்த குப்பையைப் பார்த்தபோது வந்ததெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கையிலிருந்த போனைப் பார்த்தேன். அது இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"உங்கப்பா என்னைச் சொல்லியிருக்கணும் மாப்ள. கவனங்கெட்டவன்னு."

அவன் காலால் மிளகைக் கிளறினான். "அப்பா போய்ட்டாருங்க மாமா" என்றான்.

9

அந்தக் களத்து மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். செல்விக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அங்கே விடிந்திருக்கும், இரவு வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருப்பாள். அறப்பளி வேண்டாமென்று கையை ஆட்டினான். இப்போது சொல்லாவிட்டால் மறுபடி ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதி நம்பிவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"செல்வி, அறப்பளி கை விசயம். அது எஞ்சின் பக்கம் நடக்கல. நாந்தான் கை காட்டிட்டு நின்னேன். போனைப் பாத்துட்டிருந்தேன். எழுதிக் குடுத்தது பொய்."

அந்தப் பக்கம் பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் கேட்டது. கதவு திறந்து மூடியது.

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு மாசம் கட்டு மாத்துனது நாந்தானுங்களே. தட்டையா ஒண்ணு நசுக்குனா கை எப்படி இருக்கும்னு எங்க வார்டுல பாத்திருக்கேன். உள்ளங்கையில ஓட்டை இருந்துது. அவன் தூக்கத்துல மாமா கையத் தூக்குங்க, கையத் தூக்குங்கன்னு சொல்லிட்டே கெடந்தான்."

"அப்பறம் ஏன் என்னைக் கேக்கல?"

 பேருந்தைவிட்டு இறங்கி நடக்கிறாள் என்று காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"கேட்டுட்டு உங்ககூட எப்படிங்க இருக்கறது?" என்றாள். பிறகு, "போனை அவன்கிட்டக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அறப்பளி அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, என் பெட்டியை மிளகுச் சாக்கின்மேல் பத்திரமாக வைத்தான். அக்கா பேசுவதை ரொம்ப நேரம் கேட்டான். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். அவன் சொன்னது கேட்கத்தான் செய்தது.

"அழுவாதக்கா. ஆமாக்கா. இப்பத்தான் சொன்னாரு."